பச்சை மாப்பிள்ளை

அத்தியாயம் 6

சர்தார் பாஷா படத்தைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும், துப்பறிவாளர் சுந்தர்ராஜ் தன் நாற்காலியை ஓர் அங்குலம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். அவருடைய உதவியாளர் மஹபூப் பாஷா அப்படியெல்லாம் நாசூக்கு பார்க்கிறவன் இல்லை. மேசைமேல் கவிழ்ந்து, மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டத்தில் பார்த்தான்.

"இவருக்கு இன்னா ஆச்சு சாயபு? பாம்பு கடிச்சுதா?"

"அவர்தான் மாப்பிள்ளை," என்றார் சர்தார் பாஷா.

மஹபூப் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் வாய் மூடியது அந்த வாரத்தில் அதுவே முதல் தடவை.

முழங்கை நீளப் படம். அதில் இருபத்து நாலு, இருபத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒருவன் தாடையில் கையை வைத்துக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிறான். அதுவரைக்கும் குற்றமில்லை. ஆனால் முகம் வாழையிலைப் பச்சை. நெற்றி நீலம். இரண்டு காதும் மிளகாய்ப் பழச் சிவப்பு. தாடையில் இருக்கும் கை நல்ல மஞ்சள். கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் இரண்டு கோடு. 1934-ஆம் வருஷத்து வேலூர் லாங் பஜாரில், கடிகாரக் கடை மாடியில் இருந்த அந்த அறைக்குள் அப்படி ஒரு முகம் அதற்கு முன் வந்ததில்லை.

ஆம்பூரில் தோல் பதனிடும் யார்டு வைத்திருக்கும் சர்தார் பாஷா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். மகள் ஜஹீருன்னிசாவுக்கு வாணியம்பாடியிலிருந்து ஒரு சம்பந்தம். பையன் பெயர் ஷபீ அஹமது. மதராசில் நாலு வருஷம் சித்திரம் படித்தவன். போட்டோ கேட்டதற்கு, கேமரா முன்னால் உட்கார மாட்டேன் என்று, தன்னைத் தானே வரைந்து அனுப்பியிருக்கிறான்.

"பார்த்த உடனே வீட்ல அழுகை. காமாலைன்னாங்க சிலர். பித்தம்னாங்க சிலர். நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் மேல்விஷாரத்துல இருந்து ஆபித் பாஷா ஆளுங்க பதில் கேட்டு வர்றாங்க. அவரும் பொண்ணு கேட்டிருக்கார். அவர் பெரிய வியாபாரி. பொண்சாதி இல்லை. வயசு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

"எவ்ளோ ஜாஸ்தி?" என்று கேட்டான் மஹபூப்.

"என்னைவிட ரெண்டு வயசு கம்மி."

கீழே கடையில் ஏழெட்டுக் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஓடிக்கொண்டிருந்தன.

"நேராப் போய் வாணியம்பாடிப் பையனைப் பார்த்துடலாமே?" என்றார் சுந்தர்ராஜ்.

"நான் படியேறிப் போனா அது வாக்கு குடுத்த மாதிரி. பார்த்துட்டு வேணாம்னு சொன்னா ரெண்டு ஊருக்கும் பகை. நீங்க போங்க. பையனுக்கு நோயா, பைத்தியமான்னு பாருங்க. படத்தை அவர் கையிலயே குடுத்துக் கேளுங்க."

சுந்தர்ராஜ் படத்தைத் திருப்பினார். பின்பக்கத்து மரச்சட்டத்தில் சாக்கட்டியால் அழகாக ஒரு வார்த்தை எழுதியிருந்தது: பச்சை.

"மூஞ்சியும் பச்சை, எழுதினதும் பச்சை," என்றார் சர்தார் பாஷா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

சுந்தர்ராஜைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். பதினொரு வருஷம் போலீஸ் ரைட்டராக இருந்து, மற்றவர்கள் பிடித்த திருடர்களைப் பற்றி எழுதி எழுதிச் சலித்துப்போய், சொந்தமாகத் துப்பறிய வந்தவர். கெட்டிக்காரர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எதைக் கண்டாலும் உடனே ஒரு காரணம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சரியான காரணம் இரண்டு மூன்று காரணங்களுக்குப் பிறகு மெதுவாக வந்து சேரும். அதுவரை மஹபூப் எண்ணிக்கொண்டிருப்பான்.

"காமாலைதான்," என்றார் சுந்தர்ராஜ், சாயபு படியிறங்கிய மறு நிமிஷம்.

"ஒண்ணு," என்றான் மஹபூப்.

*

சுந்தர்ராஜின் அக்கா இன்பம், வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினாறு வருஷமாக நர்ஸ். தம்பி துப்பறிவாளர் ஆனதை அவள் இன்னும் ஒரு தொழிலாக ஒத்துக்கொள்ளவில்லை. வராந்தாவில் நின்றபடியே படத்தை வாங்கி, கை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"காமாலைதானே அக்கா?"

"காமாலைக்காரனுக்கு மொதல்ல எது மஞ்சளாகும்?"

சுந்தர்ராஜ் யோசித்தார்.

"கண்ணுடா. மூஞ்சி அப்புறம்தான். இந்த ஆள் மூஞ்சியில உலகத்துல இருக்கிற சாயம் எல்லாம் இருக்கு, கண்ணு மட்டும் பால் மாதிரி வெள்ளையா இருக்கு. பச்சை தடவினவன் கண்ணுக்கு ஒரு சொட்டு மஞ்சள் தடவ எவ்ளோ நேரம்? தடவலையே."

"அப்ப நோய் இல்லைங்கிறியா?"

"ரெண்டு ராத்திரி தூங்கலை. கண்ணுக்குக் கீழ போட்டிருக்கான் பாரு. மத்தபடி ஒரு நோவும் இல்லை. நோயாளி நம்மளை இவ்ளோ நேரா பார்க்க மாட்டான்." படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "நீ சாப்ட்டியா? உன் மூஞ்சிதான் எனக்குச் சரியாப் படலை."

வெளியே வந்து இருவரும் காட்பாடிக்கு ஜட்கா பிடித்தார்கள். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் சுந்தர்ராஜுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"கேள் மஹபூப். இது அரைகுறைப் படம். அடியில பச்சை பூசி, அதுக்கு மேல மாநிறம் பூசுவாங்க. கடைசிப் பூச்சுக்கு முன்னாடியே அவசரத்துல அனுப்பிட்டான்."

"ரெண்டு," என்றான் மஹபூப். "அப்ப காதுக்கு மட்டும் எதுக்கு மிளகாய் அரைச்சுப் பூசினார் சார்?"

ஆம்பூர் தாண்டும்வரை சுந்தர்ராஜ் ஜன்னலுக்கு வெளியே தந்திக் கம்பங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

*

வாணியம்பாடியில் ஷபீ அஹமதுவைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. அண்ணன் நடத்தும் தோல் ஷாப்பின் மாடியில், தோல் காயப்போடும் நீளக் கூடத்தில் இருந்தான். வரிசையாகத் தொங்கிய ஆட்டுத் தோல்களுக்கு நடுவே ஒரு முக்காலி, சுவரில் ஒரு கண்ணாடி. அவன் முகம் சாதாரண மாநிறம். நாலு பேர் நடுவில் நின்றால் யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மஹபூபுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

சுந்தர்ராஜ் சுற்றி வளைக்கவில்லை. பெண் வீட்டார் அனுப்பியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டே கேட்டார்.

"படம் முடியலையா தம்பி?"

"முடிஞ்சிருச்சுங்களே."

மஹபூப் இரண்டு விரலைக் காட்டி, இரண்டையும் மடக்கினான்.

"அப்ப இது இன்னா? உங்க மூஞ்சி இப்படி இல்லையே."

ஷபீ அஹமது பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தான். பேச்சு அவனுக்குச் சுலபமாக வருகிற சங்கதி இல்லை.

"போட்டோ கேக்கறாங்கன்னு அண்ணன் வந்து சொன்னார். யாரோ ஒரு பொண்ணு பார்க்கப் போவுதுன்னதும் இந்தக் கண்ணாடி முன்னால வந்து உக்காந்தேன். அதுல சும்மா ஒரு ஆள் தெரிஞ்சான். இந்த ஆளை அனுப்பினா நான் போன மாதிரி ஆகாதேன்னு பட்டுது. உள்ள இருக்கிறவன் பயந்து கிடக்கான். அவன் மூஞ்சிக்கு எனக்குப் பச்சைதான் வந்தது. நெத்தியில நீலம், அது தூக்கம் வராத நீலம். காது வெக்கம்."

"கை?"

"அது மட்டும் நிஜம்." கையை நீட்டினான். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் தினம் முக்கி முக்கி, விரல்கள் மஞ்சள் பாரித்திருந்தன. "காலைல தொட்டி வேலை, மத்தியானம்தான் படம். அதையும் மறைக்க வேணாமேன்னு போட்டேன்."

"எல்லாம் சரி, ஆனா மனுஷன் மூஞ்சி பச்சையா இருக்காதே தம்பி," என்றார் சுந்தர்ராஜ்.

"ஏன் சார் இருக்காது?" மஹபூப் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். "உங்க அக்கா பேசினப்ப உங்க மூஞ்சி கறுத்துப்போச்சு. ரயில்ல நான் காதைப் பத்திக் கேட்டப்ப செவந்துபோச்சு. படியேறும்போது நாய் குலைச்சுதே, அப்ப வெளுத்துப்போச்சு. ஒரே நாள்ல மூணு கலர். நம்ம ஜனங்க வாயால பூசினா அது பேச்சு, இவர் பிரஷ்ஷால பூசினா மட்டும் பைத்தியமா?"

ஷபீ அஹமது அவனை ஆச்சரியமாகப் பார்த்தான். "மதராசுல நாலு வருஷம் இதைத்தான் பாய் சொல்ல வராம முழிச்சேன்."

சுந்தர்ராஜுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அதை மறைக்கப் படத்தை அவன் கையில் கொடுத்தார். "சரி, அது போகட்டும். பேர் நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. பின்னால பாருங்க. பச்சைன்னு."

ஷபீ அஹமது திருப்பிப் பார்த்தான்.

பார்த்தவன் பார்த்தபடி நின்றான். அவன் முகம் மாறவில்லை. காது மட்டும், முதலில் நுனி, பிறகு மடல், பிறகு முழுவதும், படத்தில் இருந்த அதே சிவப்புக்கு வந்து சேர்ந்தது. மஹபூப் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீங்க வெச்ச பேர்தானே?" என்றார் சுந்தர்ராஜ்.

"இல்ல... நான் எழுதலைங்க."

"பின்ன யார் எழுதினது?"

"தெரியலை."

"தெரியலைங்கிறவர் இப்படிப் பார்க்க மாட்டாரே."

"சட்டம் வித்த கடைக்காரன் யாராவது எழுதியிருப்பான்."

"கடைக்காரனுக்கு இவ்ளோ அழகான கையெழுத்தா?"

"இருக்கலாம்ங்க."

"சொல்லலைன்னா இந்தச் சம்பந்தம் இதோட முடிஞ்சுபோகும் தம்பி. யாருன்னு தெரிஞ்சே ஆகணும்னு சாயபு சொல்லியிருக்கார்." அது சுந்தர்ராஜ் அந்த நிமிஷத்தில் சொந்தமாக இட்டுக்கட்டியது.

ஷபீ அஹமதுவின் கண்ணில் பயம் தெரிந்தது. ஆனாலும் தலையை ஆட்டினான். "முடிஞ்சா முடியட்டும்ங்க. எனக்குத் தெரியாது."

படத்தை அவனிடமே விட்டுப்போகலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்றான். துணி சுற்றிக் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் வாங்கி மறுபடி பார்த்தான்.

கீழே தெருவுக்கு வந்ததும் சுந்தர்ராஜ் நின்றார். "கவனிச்சியா?"

"ராப்பகலா உக்காந்து வரைஞ்ச படம் சார். கொண்டுவந்து குடுத்தா மூஞ்சிப் பக்கம் பார்க்கவே இல்லை. ரெண்டு தடவையும் முதுகைத்தான் பார்த்தார்."

"அதுதான் துப்பு," என்றார் சுந்தர்ராஜ். எதற்குத் துப்பு என்பது அவருக்கே தெரியாததால், அன்றைக்கு மூன்றாவது காரணம் எதுவும் சொல்லவில்லை. இருவரும் மஹபூபின் சித்தி வீட்டில் தங்கினார்கள்.

*

வெள்ளிக்கிழமை ஆம்பூர் யார்டுக்கு விடுமுறை. ஊறல் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள மேஸ்திரி பெருமாள் மட்டும் இருந்தார். சாயபு வீட்டுக்குப் போகும் வழி யார்டுக்குள்தான். உள்ளே நுழைந்ததும் சுந்தர்ராஜின் கால் தானாக நின்றது.

இறக்கி வைத்திருந்த தோல் கட்டுகள்மேல் சின்னச் சின்ன மரப்பலகைகள் மாட்டியிருந்தன. ஐந்தாறு பலகையில் சாக்கட்டியால் ஒரே வார்த்தை. படத்தின் பின்னால் இருந்த அதே கையெழுத்து.

சுந்தர்ராஜ் படத்தைத் திருப்பிப் பெருமாளிடம் காட்டினார். "மேஸ்திரி, இது இன்னா?"

"பச்சை," என்றார் பெருமாள், இதையெல்லாமா கேட்பார்கள் என்கிற தோரணையில்.

"கலரைச் சொல்றீங்களா?"

"கலரா?" பெருமாள் சிரித்துவிட்டார். "பச்சைத் தோலுங்க. இன்னும் சாயம் ஏறாதது, பூச்சு ஏறாதது. சாயம் பூசிட்டா கத்திவெட்டு, ஓட்டை எல்லாத்தையும் மறைச்சுடுவானுங்க. பச்சையில மறைக்க முடியாது, திருப்பிப் பார்த்தா தெரிஞ்சுபோகும். அதுலயும் தண்ணி தெளிச்சு, உப்பை ஏத்தி, எடை கூட்டி ஏமாத்தறவனுங்க உண்டு. அதனால எங்க யார்டுல பச்சைன்னு பலகை மாட்டினா, இதுல கள்ளம் ஒண்ணும் இல்லை, தைரியமா எடுக்கலாம்னு அர்த்தம். வாணியம்பாடி வரைக்கும் நம்ம பலகைக்கு மரியாதை உண்டு."

மஹபூப் மெதுவாகச் சொன்னான்: "உச்சந்தலையில இருந்து சாயம் பூசின ஆளைப் பார்த்து, இவர்கிட்ட சாயமே இல்லைன்னு எழுதியிருக்காங்க சார்."

"யார் எழுதறது மேஸ்திரி இந்தப் பலகையெல்லாம்?"

"மொதலாளிக்கு உருதுதான் எழுத வரும். எனக்குத் தமிழ் படிக்க மட்டும்தான் வரும், எழுத வராது. மொதலாளி பொண்ணு பீபிம்மாதான் வீட்டுக்கு வர்ற கிரேஸி டீச்சர்கிட்ட தமிழ் படிச்சுது. நாலு வருஷமா அது உள்ள இருந்து எழுதிக் குடுக்கும், நான் மாட்டுவேன்." பெருமாள் சட்டத்தைக் கிட்டத்தில் பார்த்தார். "இது கூடப் பீபிம்மா எழுத்துதானே. இதை எதுக்குப் படத்துல எழுதிச்சு?"

சுந்தர்ராஜுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதில் சந்தோஷம் வரவில்லை. வேண்டாம் என்று படம் திரும்பிப் போனால், அதன் முதுகிலேயே தன் பதிலும் போகட்டும் என்று அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். தோல் வீட்டுப் பையன், பார்த்ததும் புரிந்துகொண்டான். புரிந்ததால்தான் வாயைத் திறக்கவில்லை. முன்பின் பார்க்காத ஆணுக்கு மகள் கைப்பட எழுதியிருக்கிறாள் என்று சர்தார் பாஷாவுக்குத் தெரிந்தால், சாயங்காலமே மேல்விஷாரத்துக்குச் சம்மதம் போய்விடும்.

"மஹபூப், மாப்பிள்ளைக்கு நோய் இல்லைன்னு மட்டும் சொல்றோம். வேற ஒண்ணும் நமக்குத் தெரியாது."

"எழுத்து?"

சுந்தர்ராஜ் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். பதினொரு வருஷ போலீஸ் சர்வீசில் ஒரு தடயத்தையும் அவர் அழித்ததில்லை. அதை நினைத்துக்கொண்டே விரலைச் சட்டத்துக்குக் கொண்டுபோனார்.

"அழிக்காதீங்க," என்றது ஒரு குரல்.

வீட்டு வாசலில் சர்தார் பாஷா நின்றிருந்தார்.

*

சாயபு அவர்களை உள் கூடத்தில் உட்காரவைத்து, டீ வரவழைத்தார். சுந்தர்ராஜ் தொண்டையைச் செருமினார். "அந்த எழுத்து வந்து... கடைக்காரன் யாரோ..."

"நாலு வருஷமா அந்த எழுத்தைப் படிச்சுட்டுத்தான் தினம் யார்டுக்குள்ள கால் வைக்கிறேன். உருதுதான் எழுத வரும்னு பெருமாள் சொல்லியிருப்பான். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தமிழ்லயும் தெரியும்."

"அப்ப மொதல்லயே..."

"படம் வந்த மறுநாளே பார்த்துட்டேன்."

"பின்ன எங்களை எதுக்கு சாயபு அனுப்பினீங்க?"

"அவர் கையில அது போய்ச் சேரணும். நான் கொண்டுபோனா வாக்கு. ஆள் அனுப்பினா ஊர்ப் பேச்சு. நீங்க போனா விசாரணை."

மஹபூப் டீயை ஊதினான். "போலீஸ்ல இருந்து தபாலாபீசுக்கு மாத்தல் ஆயிட்டீங்க சார்."

சர்தார் பாஷா சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்தார். "நோயான்னு சந்தேகம் இருந்தது, அது பொய் இல்லை. ஆனா எனக்கு வேணும்கிறது வேற. என் பொண்ணு எழுதின பலகையை நம்பி எடுத்த தோல் எதுவும் இதுவரைக்கும் கெட்டுப்போனதில்லை. ஆனா தோல் வேற, ஆள் வேற. முதுகுப் பக்கத்தைப் பார்த்துட்டு அவர் இன்னா சொன்னார்? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

கூடத்துக் கடைசியில் ஒரு திரை. அதன் பின்னால் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த வளையல் சத்தம் நின்றது.

சுந்தர்ராஜ் ரைட்டராக இருந்தவர். ஒரு வார்த்தை விடாமல்தான் சொன்னார். தெரியாது என்றதை, கடைக்காரன் என்றதை, சம்பந்தம் முறிந்துபோகும் என்று தான் மிரட்டியதை, முடிந்தால் முடியட்டும் என்று அவன் சொன்னதை.

"சிரிச்சாரா?"

"இல்லை."

"பெருமையா யார்கிட்டயாவது காட்டினாரா?"

"அவர் அண்ணன் கீழதான் இருந்தார். கூப்பிடவே இல்லை."

"அவருக்குப் புரிஞ்சுதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"காது சாயபு," என்றான் மஹபூப். "படத்துல கம்மியாத்தான் போட்டிருக்கார்."

சர்தார் பாஷா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு வார்த்தை பெருமை அடிச்சிருந்தா, இன்னைக்கு மேல்விஷாரத்துக்குச் சரின்னு சொல்லியிருப்பேன்," என்றார். பிறகு திரைப்பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் பார்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"ஜஹீரா. நீயே சொல்லு. உனக்கு இன்னா தோணுது?"

திரை லேசாக அசைந்தது. பிறகு சின்னதாக, ஆனால் தெளிவாக ஒரு குரல் வந்தது.

"ஆபித் சாஹெப் போட்டோவும் பார்த்தேன் அப்பாஜான். அதுலயும் கலர் பூசித்தான் அனுப்பியிருக்காங்க. கன்னத்துக்கு ரோஸ், தாடிக்குக் கறுப்பு. புருவத்தை மறந்துட்டாங்க, அது நரைச்சபடியே இருக்கு."

மஹபூப் டீ டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

"இந்தப் படத்துல இருக்கிறவர் பயந்துபோய் உக்காந்திருக்கார்," என்றது அந்தக் குரல், இப்போது தெளிவு குறைந்து. "பயமா இருக்குன்னு சொல்லியும் அனுப்பிட்டார். எனக்கும் பயமாத்தான் இருக்கு. யாருக்கோ கட்டிக் குடுத்துடப் போறீங்கன்னு ஒரு மாசமா தூக்கம் இல்லை. அதை இந்த வீட்ல யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை. அதான் எழுதினேன்."

பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. சர்தார் பாஷா எழுந்தார். அவர் முகத்தில் என்ன நிறம் வந்து போயிற்று என்று சுந்தர்ராஜ் பார்த்தார். காரணம் சொல்ல வாயெடுக்கவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேக்கலையே அப்பாஜான்."

சர்தார் பாஷா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, மேல்விஷாரத்துக்காரர்களிடம் இல்லை என்று சொல்லப் பள்ளிவாசலுக்கு நடந்தார்.